மிகாவேல்: பெயருக்குள் ஒரு கேள்வி

வெற்றிவேல், கதிர்வேல் என்று கேட்டுப் பழகிய காதில் சாமுவேல், இம்மானுவேல், மிகாவேல் என்ற பெயர்களும் முருகன் கை வேலையே நினைவூட்டும். ஆனால் இவற்றில் வேல் இல்லை, இருப்பது ‘ஏல்’. எபிரேயத்தில் இறைவனைக் குறிக்கும் சொல் அது. பாபிலோனியர் பேசிய அக்காடிய மொழியின் ‘இலு’ அதற்கு உறவு.

வகரம் எங்கிருந்து வந்தது? நம் உடம்படுமெய்தான். இகர, ஈகார, ஐகாரத்தின் பின் உயிர் வந்தால் யகரம் தோன்றும். ஆகார, உகரத்தின் பின் வகரம் தோன்றும். மிகா + ஏல் மிகாவேல் ஆனது. காபிரி + ஏல் காபிரியேல் ஆனது. அயல்மொழிப் பெயர்கள் எங்கே ஒட்டப்பட்டனவோ, அதே இடத்தில் தமிழும் தன் மெய்யை வைத்திருக்கிறது.

அந்த ஒட்டைப் பிரித்தால் பொருள் கிடைக்கும். காபிரியேல் என்றால் ‘இறைவன் என் வலிமை’. ரபேல் என்றால் ‘இறைவன் குணமாக்கினார்’. கத்தோலிக்க விவிலியத்தின் தோபித்து நூலில் மீனின் பித்தநீரைக் கொண்டு முதியவரின் பார்வையை மீட்கும் வழியைக் காட்டும் வானவர் இந்த ரபேல்தான். பெயர் சொல்வதையே அவர் செய்கிறார்.

இவ்விரண்டும் கூற்றுகள். மிகாவேல் அப்படியல்ல. ‘மி’ என்றால் யார், ‘கா’ என்றால் போல, ஏல், இறைவன். ‘இறைவனைப் போன்றவர் யார்?’ என்ற முழுக் கேள்வியே பெயராகி நிற்கிறது. அசீரியர்களிடமும் இந்த வார்ப்பு உண்டு. ‘மன்னு-கீ-அதாத்’ என்று பெயர் வைத்தார்கள். அதாத் என்ற மழைத் தெய்வத்தைப் போன்றவர் யார் என்பது அதன் பொருள்.

மிகாவேல் மனிதர்களுக்கும் வழங்கிய பெயர். விவிலியத்தின் எண்ணாகமத்தில் கானானை வேவு பார்க்கச் சென்ற பன்னிருவரில் ஒருவரான சேத்தூரின் தந்தை பெயர் அது. எபிரேய வேதத்தில் காபிரியேல், மிகாவேல் என்று வானவர்கள் பெயரோடு வருவது தானியேல் நூலில் மட்டுமே. அந்நூலின் கதை நடக்கும் களம் பாபிலோன். வானவர்களின் பெயர்கள் பாபிலோனிலிருந்து தங்களோடு வந்தவை என்று எருசலேம் தல்மூதில் யூத அறிஞர்களே பதிவு செய்திருக்கிறார்கள். குர்ஆனின் 2ஆம் அத்தியாயம், 98ஆம் வசனத்தில் மிகாவேலின் பெயர் ‘மீகால்’ என்று வருகிறது. கத்தோலிக்கர் மிக்கேல் சம்மனசு என்பார்கள். முஸ்லிம்கள் மீக்காயீல் என்ற மலக்கு என்பார்கள்.

வாளேந்தி, சாத்தானைக் காலடியில் மிதித்து நிற்கும் மிக்கேலின் சுரூபங்கள் சிலவற்றில், கேடயத்தின் மேல் மூன்று லத்தீன் சொற்கள் பொறித்திருக்கும்: ‘க்விஸ் ஊத் தேயுஸ்’. எபிரேயக் கேள்வியின் நேர் மொழிபெயர்ப்பு. இறைவனுக்குச் சமமாக எழ நினைத்தவனை நோக்கி அந்தக் கேள்வி எழுப்பப்படுகிறது என்பது மரபு. கேடயத்தைப் பிடித்திருப்பவரையும் அது விடுவதில்லை. வானவர் படையின் தலைவர் அவர். ஆனால் அவர் பெயரில் அவருடைய பெருமை ஒரு எழுத்தளவும் இல்லை.