போலி

‘போல்’ என்னும் அடியிலிருந்து பிறந்த ‘போலி’, ஒன்றைப் போலத் தோன்றி அதுவாகாத பொருளைக் குறிப்பதாயினும், இலக்கணத்தில் அச்சொல்லுக்கு இழிவு இல்லை. ‘பந்தல்’ என்பது ‘பந்தர்’ ஆவதைக் கடைப்போலி என்று நூலோர் ஏற்றுக்கொண்டனர். மெய்காணும் முறையைக் கூறும் அளவை நூலில்தான் அது குற்றத்தின் பெயராகிறது. வடமொழியார் ‘ஆபாசம்’, அதாவது வெறுந்தோற்றம், என்றதை மணிமேகலை ‘போலி’ எனத் தமிழாக்கி, நிறுவவேண்டிய கூற்றில் நேரும் பக்கப்போலி 9, காரணத்தில் நேரும் ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டில் நேரும் திட்டாந்தப்போலி 10 என வகுக்கிறது. எதிராளியைப் பழித்து அவர் கூற்றை மறுக்கும் ஆள்சார் போலி இந்த 33-இல் இல்லை. வசையை வாதத்தின் உறுப்பாகவே அந்நூல் கருதவில்லை போலும்.

திருத்தணியின் முருகனை இளமையில் பாடிய இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867-இல் ‘திருவருட்பா’ என அச்சேறியபோது, ஆறுமுக நாவலர் தரப்பினர் ‘போலியருட்பா மறுப்பு’ வெளியிட்டனர். அச்சொல் அங்கே நூலின் தலைப்பிலேயே ஏறியது. ‘அருட்பா’ என்பது இறையருள் பெற்றவர் பாடியது என்னும் உரிமைக்கூற்று ஆதலால், பாடியவரின் நிலையை வினவுவது ஓரளவு பொருத்தமே. ஆனால் இருதரப்புக் கண்டன நூல்களும் அவ்வெல்லையில் நில்லாமல், பாடலின் தகுதியை விட்டு ஆளின் நடத்தையைத் தூற்றுவதில் இறங்கியது, பெரும்புலவர்கள் பங்கேற்ற வழக்கிற்கு நேர்ந்த வருந்தத்தக்க இழப்பாகும். அப்பூசல் இருவரும் மறைந்த பின்னும் 20-ஆம் நூற்றாண்டு வரை நீண்டது.