காசிக்குப் போகும் வழியில் கிடைத்த படம்

சென்ற வாரம் பராக்கிரம பாண்டியனின் கனவில் நிறுத்தியிருந்தோம். காசிக்குப் போகத் துடித்த அரசனிடம், எறும்புச் சாரையின் பின்னாலேயே போய், அது முடிகிற இடத்தில் எனக்குக் கோயில் கட்டு என்று சிவன் சொன்னதாகத் தென்காசியில் கதை. 15-ஆம் நூற்றாண்டில் கோயில் எழுந்தது. நம் சீமைக்காரர்களுக்குக் காசி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

தெலுங்கு தேசத்திலோ காசிக்கு நடந்துகொண்டே கதை வளர்த்தார்கள். மதிர சுப்பண்ண தீட்சிதர் எழுதிய ‘காசி மஜிலி கதைகள்’ 12 பாகங்கள். மஜிலி என்றால் வழியில் இறங்கித் தங்குமிடம். துறவி ஒருவர் காசிக்குப் போகிறார்; துணைக்கு மாடு மேய்க்கும் பையன். தங்குகிற இடத்திலெல்லாம் பையன் எதையாவது பார்த்துவிட்டு விவரம் கேட்பான், துறவி கதை சொல்வார்.

இந்தக் கடலிலிருந்து ஒரு கை நீர் அள்ளியதுதான் 1951-இல் வந்த ‘பாதாள பைரவி’. தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தது விஜயா நிறுவனம். அதன் நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் 1947-இல் ‘அம்புலிமாமா’வைத் தொடங்கியவர்கள். பிள்ளைகள் எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள் என்பது மாதாமாதம் கதை அச்சடித்தவர்களுக்குத் தெரியாதா?

இயக்குநர் கே.வி. ரெட்டியும் எழுத்தாளர் பிங்கலி நாகேந்திர ராவும் துறவியையும் பையனையும் விட்டுவிட்டார்கள். ஒரு கதையின் விதையை எடுத்து, அதில் அலாவுதீனை ஒட்டுக்கட்டினார்கள். அங்கே விளக்கு, இங்கே கேட்டதைக் கொடுக்கும் பைரவிப் பதுமை. நாயகன் தோட்டக்காரியின் மகன். இளவரசியைக் கேட்டால், எனக்குச் சமமாகச் செல்வம் கொண்டுவா என்கிறான் அரசன். நாயகனைப் பைரவிக்குப் பலியிட அழைத்துப் போகிற மந்திரவாதியே கடைசியில் பலியாகிறான். அதோடு முடித்திருந்தால் நீதிக்கதை. சீடன் அந்த மந்திரவாதியை உயிர்ப்பித்து எழுப்புகிறான் பாருங்கள், அங்கேதான் படம் நிமிர்ந்து உட்காருகிறது! எஸ்.வி. ரங்காராவின் மந்திரவாதி என்.டி. ராமராவின் நாயகனையே மறைத்துவிடுகிறார் என்பேன். மார்கஸ் பார்ட்லியின் கேமரா மாயங்களுக்குக் கம்ப்யூட்டர் துணை கிடையாது.

ஹாரி பாட்டரின் 7 நாவல்கள் 2001 முதல் 2011 வரை 8 படங்களாயின. ஒன்றையும் விடாமல் எடுக்க அங்கே பத்தாண்டு இருந்தது. நம்மவர்கள் ஒரே படத்தில் எல்லாவற்றையும் திணிக்காமல், ஒன்றை எடுத்து நிறைவாகச் செய்தார்கள். எனக்கு அதுவே பெரிய துணிச்சலாகப் படுகிறது.

அந்தத் துணிச்சல் நமக்கும் புதிதில்லை. சாரல் காலத்தில் குற்றாலம் போனால், அருவியில் குளித்த கையோடு சித்திர சபைக்கும் வாருங்கள். ஆடவல்லானே அங்கே ஓவியமாகத்தான் இருக்கிறார். சுற்றுச் சுவர்களில் புராணங்கள். நாள்கணக்கில் சொல்ல வேண்டிய கதைக்கு அந்த ஓவியர் ஒதுக்கியது ஒரு கட்டம். எந்தக் கணத்தை அதில் நிறுத்தியிருக்கிறார் என்று ஈரத்தலையோடு சற்று நின்று பாருங்கள்.

(தொடரும்)