திம்மய்யாவின் ராஜினாமா
இன்னைக்கு ஜெனரல் திம்மய்யா பற்றிப் பேசுவோம். குடகு மடிகேரியில் 1906-ல் பிறந்தவர். 1948 நவம்பரில், 11,000 அடிக்கு மேல் இருக்கும் சோஜிலா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றி, எதிரியை அசரவைத்தவர். 1957-ல் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார்.

1959-ல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு மோதல். ராஜினாமா கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு பேசி, அதை வாபஸ் வாங்க வைத்தார். அப்புறம் நாடாளுமன்றத்தில் அவரையே குறை சொன்னார்.

ராணுவம் அரசுக்குக் கட்டுப்படணும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா தளபதி சொல்றதை அரசு காதுகொடுத்துக் கேட்கணும்ல? 1961-ல் திம்மய்யா ஓய்வு பெற்றார். அடுத்த வருஷமே சீனப் போர். அந்தத் தோல்வியில் மேனனின் பதவி போனது. திம்மய்யா 1965-ல் சைப்ரஸில், ஐ.நா. அமைதிப்படைத் தளபதியாக இருக்கும்போதே இறந்தார்.