ஊட்டும் கையின் பொறுப்பு: வளர்ப்பு நாய்களின் உடற்பருமனும் வதை பற்றிய நம் புரிதலும்

1. ஒரு வழக்கும் ஒரு வினாவும்

2021 அக்டோபரில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒரு வீட்டைக் காவல்துறை சோதனையிட்டது. உடன் சென்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தினர் அங்கிருந்து நகி என்ற நாயை மீட்டனர். அதன் எடை 53.7 கிலோ. வண்டி நின்ற இடம் 10 மீட்டர் தூரம்தான். அதைக் கடப்பதற்குள் மூச்சு வாங்க மூன்று முறை நின்றது. உடலைப் போர்த்தியிருந்த கொழுப்பின் கனத்தால் மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பில் இதயத் துடிப்பு கேட்கவில்லை. நாய்த்தீனியோடு நாளுக்கு எட்டு முதல் பத்துத் துண்டு கோழிக்கறி போட்டு வந்ததாக உரிமையாளர் ஒப்புக்கொண்டார். இரண்டு மாதப் பராமரிப்பில் 8.8 கிலோ குறைந்த நகி, பிறகு கல்லீரலில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் இறந்தது. 2024இல் மனுகாவ் மாவட்ட நீதிமன்றம் உரிமையாளருக்கு இரண்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

பட்டினி போட்டவர் தண்டிக்கப்படுவது யாருக்கும் வியப்பாக இராது. வயிறு நிறையப் போட்டவர் சிறைக்குப் போனார் என்பதைத்தான் ஏற்க மனம் தயங்குகிறது. இந்தத் தயக்கம் நம் சட்டத்திலும் உண்டு. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, எவையெல்லாம் வதை என்று வரிசைப்படுத்துகிறது. உணவைப் பொறுத்தவரை, போதிய தீனியும் நீரும் இருப்பிடமும் தராத உரிமையாளரையே அது குற்றவாளியாக்குகிறது. மிகையாக ஊட்டுவது அந்த வரிசையில் இல்லை. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் கண்ணெதிரே நின்றவை எலும்பு தெரியும் வண்டிமாடுகளும் குதிரைகளும்தான். ஆகவே குறையை மட்டும் கண்டதில் பிழையில்லை. ஆனால் வீட்டுக்குள் வளரும் நாயின் நிலை வேறு. அதன் ஒவ்வொரு கவளமும் மனிதக் கையிலிருந்தே வருகிறது. அளவு பாராமல் ஊட்டுவதும் ஒரு வகைப் புறக்கணிப்பே. அதைத் திருத்தும் வழியோ தண்டனையைவிட அளத்தலில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. மிகையின் விலை

நாய் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்போருக்கு, லாப்ரடார் நாய்களிடம் நடந்த ஒரு நீண்ட ஆய்வு விடை சொல்கிறது. பியூரினா நிறுவனம் 1987இல் தொடங்கிய இந்த ஆய்வில், ஏழு ஈற்றுகளில் பிறந்த 48 குட்டிகள் இணை இணையாகப் பிரிக்கப்பட்டன. எட்டு வார வயது முதல், ஒவ்வோர் இணையிலும் ஒரு நாய்க்கு அதன் இணைநாய் உண்டதைவிட 25 விழுக்காடு குறைவாகத் தீனி தரப்பட்டது. தீனி ஒன்றே, அளவு மட்டும் வேறு. நாய்களின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து, 2002இல் முடிவுகள் வெளியாயின. மிகுதியாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்டவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்ட இடைநிலை வயது முன்னவற்றுக்கு 10.3, பின்னவற்றுக்கு 13.3.

இந்த ஆய்வில் பலரும் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. மிகுதியாக உண்ட நாய்கள் நகியைப் போலக் கொழுத்தவை அல்ல. மூன்றேகால் வயதில், அவை அளவுமீறிப் பருக்காதிருக்க அவற்றின் தீனியும் வரையறுக்கப்பட்டது. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள உடற்கட்டு மதிப்பெண்ணில் 4, 5 ஆகியவை சரியான உடலைக் குறிக்கும். இந்த நாய்களின் சராசரி 6.7தான். தெருவில் பார்த்தால் ‘நல்லா வளர்த்திருக்காங்க’ என்று பாராட்டு வாங்கும் உடல் அது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆயுளை இழக்க அந்த மிதமான மிகையே போதுமானதாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ஓரினத்தின் முடிவு வீட்டு நாய்களுக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. வட அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைகளின் பதிவேடுகளிலிருந்து, பன்னிரண்டு இனங்களைச் சேர்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2019இல் வெளியானது. நடுவயதில் எடை மிகுந்திருந்த நாய்களின் ஆயுள் எல்லா இனங்களிலும் குறைந்திருந்தது. ஆண் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இழப்பு சுமார் ஐந்து மாதம். ஆண் யார்க்‌ஷயர் டெரியருக்கு இரண்டரை ஆண்டு. இத்தகைய பதிவேட்டு ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தைத் தனித்து நிறுவாது. ஆனால் அளவை மட்டும் மாற்றிப் பார்த்த முந்தைய ஆய்வோடு சேர்த்துப் படிக்கும்போது முடிவு வலுப்பெறுகிறது.

3. பசி பொய்யில்லை

‘கேட்கிறது, போடுகிறேன், வாயில்லா ஜீவனைப் பசியோடு விடச் சொல்கிறீர்களா?’ என்பதுதான் உரிமையாளரின் முதல் மறுப்பு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் லாப்ரடார்களின் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிதைவைக் கண்டறிந்தனர். ‘உண்டது போதும்’ என்று மூளைக்கு உணர்த்தும் செய்திகளை உருவாக்குவதில் பங்குள்ள மரபணு அது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்தச் சிதைவு உண்டு. அவர்கள் பரிசோதித்த, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பணிநாய்களிலோ அது நான்கில் மூன்று என்ற அளவில் இருந்தது. தீனிக்காக எதையும் கற்கும் நாயே பயிற்சிக்கு வாகானது என்பதால், அறியாமலே மனிதர் இந்தப் பசியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

2024இல் அதே குழுவினர் இந்தப் பசியின் இயல்பை இன்னும் நெருங்கிப் பார்த்தனர். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, நாய் தானாக நிறுத்தும்வரை தீனி தரப்பட்டது. சிதைவுள்ள நாய்கள் மற்றவற்றைவிட அதிகம் உண்ணவில்லை. ஆனால் காலை உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, துளையிட்ட மூடியுள்ள கண்ணாடி போன்ற பெட்டியில் ஒரு சாசேஜை வைத்துக் காட்டியபோது வேறுபாடு வெளிப்பட்டது. பார்க்கலாம், முகரலாம், எடுக்க முடியாது. சிதைவுள்ள நாய்கள் அதை அடைய மற்றவற்றைவிடக் கூடுதலாகப் போராடின. வயிறு நிறைய அவற்றுக்குக் கூடுதல் உணவு வேண்டியதில்லை. இரண்டு வேளைக்கு நடுவே பசி சீக்கிரம் திரும்பிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஓய்வு நேரத்தில் இவை செலவிடும் ஆற்றலும் கால் பங்கு குறைவு.

ஆக, கெஞ்சும் கண் நடிப்பு அன்று. ஒரே அளவு அக்கறையுள்ள இரண்டு உரிமையாளர்களில் ஒருவருடைய நாய் மெலிந்தும் மற்றவருடையது பருத்தும் இருக்கலாம்; பருத்த நாயைப் பிடித்து நடப்பவரைப் பார்த்து முகம் சுளிப்பது அறியாமை. ஆனால் இந்தச் சான்று உரிமையாளரின் கடமையைத் தளர்த்துகிறதா? 2025இல் வெளியான இதே குழுவின் தொடராய்வு வேறு மரபணுக்களையும் இனங்காட்டியதோடு, பருமனாகும் மரபுவாய்ப்பு மிகுந்த நாய்களும் கட்டுப்பாடான உணவும் உடற்பயிற்சியும் இருந்தால் மெலிந்தே இருக்கின்றன என்று காட்டியது. சுமை சமமாகப் பகிரப்படவில்லை என்பது உண்மை. சுமப்பவர் உரிமையாளர் என்பது மாறவில்லை. பசியை மதிப்பதென்றால் அதே அளவைப் பல வேளையாகப் பிரித்துத் தரலாம். தேடி உண்ணும்படி ஒளித்து வைக்கலாம். ஆற்றல் குறைந்த காய்களைச் சேர்க்கலாம். அளவைக் கூட்டுவது ஒன்றே வழியன்று.

4. வீட்டுக் கணக்கு

மிகை பெரும்பாலும் ஒரே கையால் வருவதில்லை. காலையில் காபியோடு அப்பா தரும் பிஸ்கட், மதியம் பாட்டி பிசைந்து வைக்கும் தயிர்சாதம், பள்ளிவிட்டு வந்த பிள்ளை பகிரும் முறுக்கு, இரவில் ‘இன்னும் சாப்பிடலையே’ என்று வைக்கப்படும் முழுத்தட்டு: ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிது, கூட்டிப் பார்ப்பவர் எவரும் இல்லை.

கூட்டிப் பார்ப்போம். நாயின் ஓய்வுநிலை ஆற்றல் தேவையைக் கணிக்க, கிலோவில் உள்ள எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்குவது வழக்கம். நம் வீடுகளில் ‘பொமரேனியன்’ என்று அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் நாய் 5 கிலோ இருந்தால், விடை சுமார் 234 கிலோகலோரி. கருத்தடை செய்த, சிறிதே ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளுக்கு 330 முதல் 375 வரை போதும். கோதுமை குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று ஏறத்தாழ 22 கிலோகலோரி. நான்கு பிஸ்கட் என்றால் அன்றைய தேவையில் கால் பங்கு போய்விட்டது. தின்பண்டம் மொத்தத் தேவையில் பத்தில் ஒன்றைத் தாண்டலாகாது என்ற மருத்துவர்களின் விதிப்படி, அந்த நாய்க்கு உரியது ஒன்றரை பிஸ்கட். 200 கிராம் வெறுஞ்சோற்றிலேயே 260 கிலோகலோரி இருக்கிறது, தயிர் தனி. 30 கிலோ லாப்ரடாருக்குப் பொருட்டாகாத ஒரு கைப்பிடி, 5 கிலோ நாய்க்கு ஒரு வேளை உணவு.

இதைச் சொன்னதும் சோற்றின்மீது பழிபோடுவது வழக்கமாகிவிட்டது. நாய்கள் மாவுச்சத்தைச் செரிக்க இயலாதவை என்பது தவறு. 2013இல் வெளியான மரபணு ஒப்பீடு, மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதிக்கான மரபணுவின் படிகள் ஓநாயில் இரண்டே இருக்க, நாய்களில் பல மடங்கு பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதரின் தானிய உணவோடு ஒட்டி வாழ்ந்ததன் தடம் அது. சோறு மட்டுமே முழு உணவாகாது என்பது வேறு செய்தி. பருமனைப் பொறுத்தவரை, விலையுயர்ந்த பாக்கெட் தீனியும் அளவு மீறினால் அதே வேலையைத்தான் செய்யும்.

பாக்கெட் தீனி வாங்குவோர் கிண்ணத்தால் அளக்கிறோமே என்று நிம்மதி கொள்கிறார்கள். கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நூறு நாய் உரிமையாளர்களிடம் அளவுக்கிண்ணங்களைக் கொடுத்துத் தீனி அளக்கச் சொன்னபோது, சிலர் உரியதில் பாதியையும் சிலர் இரண்டரை மடங்கையும் அள்ளினர். அளவு சிறிதாக ஆகப் பிழை பெரிதாயிற்று. அதாவது சிறிய நாய்களுக்கே இடர் அதிகம். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, ஒரு நாளுக்குரியதைக் காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டு, யார் ஊட்டினாலும் அதிலிருந்தே எடுப்பது என்று வைத்துக்கொண்டால் பல கைகளும் ஒரே கணக்குக்குள் வந்துவிடும். கருத்தடை அறுவைக்குப் பின் பசி கூடி ஆற்றல் தேவை குறைவதால், அந்த அளவை அப்போது மீண்டும் கணக்கிட வேண்டும்.

5. கண்ணை நம்பாமல் கையை நம்புதல்

தம் நாயின் பருமனை உரிமையாளர்கள் உள்ளதைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல ஏறும் சதை தெரிவதில்லை. அடர்ந்த மயிருள்ள இனங்களில் உடல்வடிவமே மறைந்துவிடும். நேர்மாறான பிழையும் உண்டு: சிப்பிப்பாறை போன்ற வேட்டைநாய்க்கு விலா எலும்பு லேசாகத் தெரிவதே இயல்பு, அதைப் பட்டினி என்று கருதி லாப்ரடாரின் சாயலுக்குக் கொண்டுவர முயல்வோர் இருக்கிறார்கள்.

கைக்கு இந்த மயக்கம் இல்லை. நாயின் விலாவை விரல் நுனியால் அழுத்தாமல் தடவ வேண்டும். மூடிய முட்டியின் கணுக்கள்போல் எலும்பு துருத்தினால் மெலிவு. விரித்த உள்ளங்கையின் சதைபோல் எலும்பே அகப்படாவிட்டால் பருமன். புறங்கையைத் தடவும்போது மெல்லிய தோலுக்கடியில் எலும்புகள் தட்டுப்படுவதுபோல் இருந்தால் சரியான உடல். மேலிருந்து பார்க்கையில் விலாவுக்குப் பின் இடுப்பு ஒடுங்க வேண்டும்; பக்கவாட்டில் வயிறு பின்னோக்கி ஏற வேண்டும். செலவில்லாத இச்சோதனையை மாதமொரு முறை செய்பவர், நாயைப் பார்க்கிறேன் என்று உண்மையாகச் சொல்லலாம்.

6. சட்டம் எங்கே நிற்க வேண்டும்?

தெருநாய்கள் குப்பையைக் கிளறும் ஊரில் பருத்த வீட்டுநாயைப் பற்றிக் கவலைப்படுவது வசதி படைத்தோரின் விவாதம் என்று ஒரு மறுப்பு எழலாம். ஆனால் மூட்டுவலியால் எழ முடியாத நாய்க்குத் தன் உரிமையாளரின் வருமானம் ஆறுதல் தராது. ஒரு துன்பத்தைக் கணக்கில் எடுப்பதால் மற்றொன்று கணக்கிலிருந்து நீங்குவதுமில்லை.

அப்படியானால் 11ஆம் பிரிவில் மிகையூட்டலையும் சேர்த்துவிடலாமா? நகியின் உடற்கூறாய்வே இதில் எச்சரிக்கை தருகிறது: அதற்குக் கல்லீரல் நோயோடு, எடையைக் கூட்டக்கூடிய குஷிங் நோயும் இருந்தது தெரியவந்தது. மரபும் நோயும் கைப்பழக்கமும் பின்னிய இடத்தில், குற்றத்தின் எல்லையை எடையை வைத்து மட்டும் வரைய முடியாது. தண்டனைக்கு அஞ்சுபவர் பருத்த நாயை மருத்துவரிடம் கொண்டுபோகவும் தயங்குவார். மூச்சுத் திணறும் நிலையிலும் மருத்துவம் பார்க்காமல் விடுவது போன்ற கடைசி நிலைகளுக்கே குற்றவியல் சட்டம் உரியது.

அதற்கு முந்தைய நிலைகளுக்கு நம் சட்டத்தின் 3ஆம் பிரிவு போதுமான அடித்தளம். விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்கவும் தேவையற்ற துன்பத்தைத் தடுக்கவும் நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் கடமைக்கு நடைமுறை உருவம் கொடுப்பது கடினமன்று. வெறிநோய்த் தடுப்பூசிக்கு நாய் வரும் ஒவ்வொரு முறையும் எடையையும் உடற்கட்டு மதிப்பெண்ணையும் தடுப்பூசி அட்டையில் எழுதலாம். சென்ற ஆண்டின் எண் பக்கத்திலேயே இருந்தால், உரிமையாளரின் மனம் நோகுமோ என்று மருத்துவர் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. அட்டையே பேச்சைத் தொடங்கிவைக்கும். தீனிப் பாக்கெட்டின் மேல், கிண்ணக் கணக்குக்குப் பதிலாகக் கிராமும் கலோரியும் தெளிவாக அச்சிடப்படலாம். இவை எவரையும் குற்றவாளியாக்காதவை. போதிய உணவு என்று சட்டம் சொல்லும்போது, அந்தப் ‘போதும்’ என்பதற்குக் கீழெல்லை இருப்பதுபோல மேலெல்லையும் உண்டு என்பதை ஏற்கும் சமூகம் முதலில் வாங்க வேண்டியது ஒரு தராசு. அதற்கு நாடாளுமன்றத்தின் திருத்தம் தேவையில்லை.