சாம் குக்கின் ‘எ சேஞ்ச் இஸ் கானா கம்’

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக் (1931–1964) எழுதிப் பாடிய சோல் பாடல். மாற்றம் வந்தே தீரும் என்பது தலைப்பின் பொருள். 1964 மார்ச்சில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வெளியிட்ட ‘எய்ன்ட் தட் குட் நியூஸ்’ ஆல்பத்தில் முதலில் இடம்பெற்றது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டம் தந்த பாடல்களில் இதற்கு இணையானவை மிகச் சில.

குக் பிறந்தது மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலில், வளர்ந்தது சிகாகோவில். தந்தை கிறிஸ்தவப் போதகர். இருபது வயதை ஒட்டி ‘சோல் ஸ்டிரர்ஸ்’ என்ற புகழ்பெற்ற காஸ்பல் குழுவின் முன்னணிப் பாடகரானார். 1957இல் அவருடைய காதல் பாட்டு ‘யூ செண்ட் மீ’ அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. வெள்ளையர் வீட்டு வானொலிகளிலும் அந்தக் குரல் ஒலித்தது. தன் பாடல்களின் உரிமையைத் தானே வைத்துக்கொள்ளச் சொந்த நிறுவனமும் நடத்தினார். அன்றைய கறுப்பினப் பாடகர்களுக்கு அது அரிது. 1961இல் மெம்பிஸ் நகர அரங்கில் கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்காரவைக்கிறார்கள் என்று அறிந்ததும் மேடையேற மறுத்தார். ஆனால் அந்தத் துணிவு அவர் பாடல்களுக்குள் அதுவரை வெளிப்படையாக வரவில்லை.

1963 அவரைப் புரட்டிப்போட்ட ஆண்டு. பாப் டிலனின் ‘ப்ளோயிங் இன் தி விண்ட்’ பாட்டைக் கேட்டபோது, இப்படியொரு பாட்டை ஒரு வெள்ளை இளைஞன் எழுதியிருக்கிறான், நான் எழுதவில்லையே என்று கூசிப்போனார். ஜூனில் அவருடைய கைக்குழந்தை வின்சென்ட் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தான். அக்டோபர் 8 அன்று லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், தொலைபேசியில் முன்பதிவு செய்திருந்த ஹாலிடே இன் விடுதிக்கு மனைவி பார்பராவோடும் குழுவினரோடும் போனார். வந்தவர்களின் நிறத்தைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். குக் நகர மறுத்து மேலாளரைக் கேட்டார். இங்கே நின்றால் கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சிய பார்பரா அவரைக் கெஞ்சி அழைத்துப் போனார். காரின் ஹாரனை அடித்தபடி, கத்திக்கொண்டே வெளியேறினார்கள். கறுப்பினத்தவருக்கான விடுதியை அடைந்தபோது போலீஸ் அங்கே காத்திருந்தது. அமைதியைக் குலைத்ததாகச் சொல்லிக் கைது செய்தது.

இந்த ஒரு நிகழ்ச்சியே பாட்டைப் பிறப்பித்தது என்று சொல்வது வழக்கம். அது போதாது என்பதே சரி. பாட்டில் துயரமும் சாவைப் பற்றிய அச்சமும் அவமானத்துக்குச் சமமாகவே கலந்திருக்கின்றன. சில வாரங்களுக்குள் பாட்டு ஏறக்குறைய முழுதாகவே அவருக்குள் வந்து இறங்கியது.

1964 ஜனவரி 30 அன்று ஹாலிவுட்டில் பதிவு நடந்தது. இசைக்கோப்பை ரெனே ஹாலிடம் முழுச் சுதந்திரத்தோடு ஒப்படைத்தார் குக். வயலின்கள், பிரெஞ்சு ஹார்ன், பெருமுரசு என ஹால் திரைப்படப் பின்னணி இசை அளவுக்கு அதை விரித்தார். அந்தப் பிரம்மாண்டத்தைக் கண்டு குழுவின் டிரம்ஸ் கலைஞர் வாசிக்கத் தயங்க, ஏர்ல் பாமர் வந்து வாசித்தார். இத்தனை வாத்தியங்களுக்கு நடுவிலும் குக்கின் குரல் தேவாலயத்தில் கற்ற மன்றாட்டாகவே எழுகிறது. எதிரியின் பெயரை அவர் சொல்வதே இல்லை. துரத்தப்பட்டவனின் வாயிலிருந்து மட்டும் பேசுகிறார்.

பிப்ரவரி 7 அன்று ஜானி கார்சனின் ‘டுநைட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார். அந்த ஒளிப்பதிவு பாதுகாக்கப்படவில்லை. இரண்டு நாள் கழித்து பீட்டில்ஸ் குழு எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்ற, நாடே அதைப் பற்றிப் பேசியது. குக் அதன்பின் இதை மேடையில் பாடவில்லை. பாட்டில் சாவின் வாடை அடிக்கிறது என்று நண்பர் பாபி வோமேக் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. விடுதிகளில் நிறம் பார்த்து இடம் மறுப்பதைத் தடுத்த சிவில் உரிமைச் சட்டம் ஜூலையில் நிறைவேறியது. டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸ் விடுதி ஒன்றில் அதன் மேலாளர் சுட்டதில் குக் இறந்தார். வயது 33.

சில நாட்களில் ‘ஷேக்’ என்ற ஆட்டப்பாட்டின் மறுபக்கமாக இந்தப் பாடல் சிங்கிள் தட்டில் வந்தது. திரையரங்குக்கும் கடைத்தெருவுக்கும் போகும் கறுப்பினத்தவன் விரட்டப்படுவதைச் சொல்லும் பகுதி அதில் இல்லை. நிறப்பாகுபாட்டை நேராகத் தொட்ட ஒரே பகுதி அதுதான். அதை வெட்டியது அநியாயம்.

பாட்டு அதையும் மீறி நிலைத்தது. ஓடிஸ் ரெடிங்கும் அரீதா ஃபிராங்க்ளினும் பாடினார்கள். ஸ்பைக் லீயின் ‘மால்கம் எக்ஸ்’ (1992) படத்தில், மால்கம் தன் கடைசிக் கூட்டத்துக்குப் போகும் காட்சியில் ஒலிக்கிறது. 2008இல் ஒபாமாவின் வெற்றியுரை அதை நினைவூட்டியது. 1963இல் நடந்த கைதுக்காக 2019இல் ஷ்ரீவ்போர்ட் மேயர் குக்கின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். இன்று இதைத் தேடிக் கேட்பவர்கள் சிங்கிளை விட்டுவிட்டு ஆல்பப் பதிவையே கேட்க வேண்டும். வெட்டுப்பட்ட பகுதி அதில் முழுமையாக இருக்கிறது.