பார்வை மூளையின் வளர்ச்சி

பார்வை மூளை என்பது கண்ணிலிருந்து வரும் நரம்புச் செய்திகளைக் காட்சியாக்கும், மூளையின் பின்புறப் புறணிப் பகுதி. இதன் அடிப்படை கருவிலேயே அமைந்துவிடுகிறது. அது நிலைக்க, பிறந்த முதல் சில ஆண்டுகளில் இரு கண்களும் தெளிவாகப் பார்த்தாக வேண்டும். நெசவுக்குப் பேர்போன சென்னிமலையின் தறியில் பாவு (நெடுக்கு நூல்) இழுத்த பிறகே ஊடை (குறுக்கு நூல்) ஓடும். பிறவி அமைப்பைப் பாவு என்றும் அனுபவத்தை ஊடை என்றும் கொள்ளலாம். பாலூட்டிகளில் கண் ஒளியைக் காணுமுன்பே விழித்திரை உயிரணுக்கள் தாமாக அலையலையாகத் துடித்து மூளைத் தொடர்புகளைச் சீராக்குகின்றன. ஆனால் தறியின் பாவு ஊடைக்காகக் காத்துக்கிடக்கும். மூளையின் பாவு காத்திருக்காது. 1963-இல் டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைத் தைத்து மூடிச் சில மாதங்கள் கழித்துத் திறந்தார்கள். புறணி உயிரணுக்கள் ஏறத்தாழ அனைத்தும் திறந்திருந்த கண்ணுக்கே இசைந்தன. வளர்ந்த பூனைக்கு அப்படி நேரவில்லை. இரு கண்களையும் சேர்த்து மூடியபோது பாதிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே மூடிய கண் தோற்றதற்கு, பார்த்த கண் அதன் இடத்தையும் பிடித்துக்கொண்டதே பெரிய காரணம். இந்த ஆய்வுகளுக்காக இருவரும் 1981-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

பிறவிக் காரணமும் அனுபவத்தின் வழியாகவே மூளையை எட்டக்கூடும் என்பதைக் குழந்தைகளின் கண்புரை காட்டுகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் காயத்தால் வராத கண்புரையுள்ள 366 குழந்தைகளிடம் நடந்து 1996-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ கால் பங்கினருக்கு அது பரம்பரையாக வந்திருந்தது. 15 விழுக்காட்டினருக்குத் தாயின் கர்ப்பகால ரூபெல்லா வைரஸ் தொற்று காரணம். மரபணுவோ கிருமியோ, கெடுப்பது விழியின் லென்ஸை. லென்ஸ் மறைப்பதால் காட்சி கிடைக்காமல் மூளை நலிகிறது. எனவே பரம்பரை நோய் என்று கைவிடுவது தவறு. லென்ஸ் பிறவிக் கோளாறானாலும் மூளையின் பார்வையைக் காக்க வழி உண்டு. 2017-இல் தமிழ்நாட்டில் நடந்த தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் இவ்வகையில் பார்வை மூளைக்கும் காப்பு.

காலம் கடந்தால் பயனே இல்லையா? பார்வையற்ற இந்தியச் சிறாருக்குச் சிகிச்சை அளித்து ஆராயும், நரம்பறிவியலாளர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம் அந்த அவநம்பிக்கையை மறுக்கிறது. பிறவிப் பார்வையின்மை நீக்கப்பட்ட 8 முதல் 17 வயதுவரையான ஐவர், தொட்டறிந்த பொருளைப் பார்த்தவுடன் அடையாளம் காணத் திணறினர். சில நாட்களிலேயே அத்திறன் கூடியது. இதே திட்டத்தின் பின்னைய ஆய்வில், புதிதாகப் பார்வை பெற்ற சிறார் நீளம் பற்றிய கண்மாயைகளுக்கு உடனே ஆட்பட்டனர். அது பழக்கத்தால் வந்திருக்க முடியாது. ஆயினும் இத்தகையோருக்குப் பார்வைக் கூர்மை பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. தாமதமான சிகிச்சையும் வீணல்ல என்பது உண்மை. தாமதிக்கலாம் என்பதற்கு அது சான்றாகாது.

ஒரு கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கிவிடக்கூடிய மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்றும் வளர்ந்தால் சரியாகும் என்றும் நம்புவது, சிகிச்சைக்குரிய அந்த முதல் ஆண்டுகளைத்தான் தின்கிறது. வீட்டிலேயே காணக்கூடிய அறிகுறி ஒன்று உண்டு: மங்கிய கண்ணைப் பொத்தினால் குழந்தை பேசாமல் விளையாடும், நல்ல கண்ணைப் பொத்தினால் சிணுங்கி, கையைத் தள்ளிவிடும். கண்புரையை அகற்றுவதோடு சிகிச்சை முடிவதில்லை. கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்து, சோம்பிய கண்ணுக்கு அதன் இடத்தை மீட்டுத்தர வேண்டும்.  பள்ளியில் சேர்க்கும் வயதுக்கு முன்பே குழந்தையின் இரு கண்களையும் தனித்தனியே சோதித்துவிடுவது பெற்றோர் கையில் இருக்கிறது.