ஈயமும் தக்காளியும்

சாடின் டின்னைத் தெரியாத தோட்டத்து வீடு உண்டா? சம்பளத்துக்கு முந்தின வாரம் கடைக் கணக்கில் ஒரு டின் எடுத்து, வெங்காயம் மிளகாய் தாளித்து ஊற்றினால், பிள்ளைகளுக்குச் சோறு தன்னால் இறங்கும். அந்தச் சிவப்புக் குழம்பு கெடாமல் இருக்கும் கதையில் நம்ம நெகிரி செம்பிலானுக்கும் பங்கு உண்டு.

1810-இல் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையை நூலாக வெளியிட்டார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது! கிருமிதான் காரணம் என்று லூயி பாஸ்டர் விளக்கியது 1860-களில். அதே 1810-இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட், ஈயம் பூசிய இரும்புத் தகட்டு டப்பாவுக்கு உரிமை வாங்கினார். பித்தளைப் பாத்திரத்துக்கு நம்மவர்கள் ஈயம் பூசுகிற அதே வேலைதான்.

அந்த ஈயம் நம்ம மண்ணிலும் கிடைத்தது. இன்றைய சிரம்பான் பகுதிக்கு அன்று சுங்கை ஊஜோங் என்று பெயர். அங்கே ஈய லம்பங்களில் சீனத் தொழிலாளர்கள் பாடுபட்டார்கள். ஈயம் இறங்கும் லிங்கி ஆற்றின் சுங்கவரி யாருக்கு என்ற தகராறில், 1874-இல் வெள்ளைக்காரன் உள்ளே நுழைந்தான். பிறகு மலாயா ஈயத்தில் உலகிலேயே முதலிடம் பிடித்தது. அதில் பெரும்பகுதி டப்பாத் தகட்டுக்குப் போயிற்று. கப்பலேறிய ஈயம் டின்னாகத் திரும்பி வந்தது. 1892-இல் சிங்கப்பூரில் அல்பிரட் குளுவே தொடங்கிய வியாபாரமே சேவல் படம் போட்ட சாடினைப் பரப்பியது.

தக்காளியை நசுக்கிச் சும்மா வைத்தால் சாறு நீர்த்துப் போகும். நசுக்கியவுடன் 90 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் குழம்பு கெட்டியாக நிற்கும். தக்காளி புளிப்பானதால் அதை மட்டும் அடைப்பதற்குக் கொதிநீர்ச் சூடு போதும். மீன் சேர்ந்தால் போதாது. நீராவி அழுத்தத்தில் 120 டிகிரி அளவுக்கு வேகவைக்க வேண்டும். குறைந்தால் உயிரைக் கொல்லும் நஞ்சு உண்டாகலாம்.

புளிப்பு, டின்னின் ஈயத்தை மெல்ல அரிக்கும். மூடியிருக்கும்வரை உள்ளே காற்று குறைவு, அரிப்பும் குறைவு. திறந்துவிட்டால் அரிப்பு வேகம் பிடிக்கும். மிச்சக் குழம்பில் தகர வாடை அடிப்பது இதனால்தான். இப்போது பல டின்களின் உட்புறம் மெல்லிய பூச்சு பூசுகிறார்கள். டின் அடிபட்டு நெளிந்தால் அந்தப் பூச்சும் விரிசல் விடும். உப்பிய டின்னைக் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திறந்த டின்னில் மிச்சம் இருந்தால், உடனே பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள்.